அம்மாவிடம் கேட்க முடியாத ஒன்பதாவது கேள்வி

அப்பா போனபிறகு அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கூட்டிவந்தேன். தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, உள்ளங்கால் எரிச்சல். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும் கிளினிக்கில் பிஎச்க்யூ-9 படிவத்தை எடுத்தார்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். இங்கே 1860-லிருந்து தமிழர்கள் இருந்தாலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம்தான், அதனால் மொழிபெயர்த்தது நான்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. பெற்ற தாயிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. சுற்றிவளைத்துக் கேட்டேன். "சாமி கூப்பிட்டா நிம்மதியா போய்ச் சேந்துருவேன்" என்றாள். எங்கள் ஊரில் வயதானவர்கள் காபி குடித்துக்கொண்டே சொல்லும் வார்த்தைதான், ஆனால் அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் நர்ஸிடம் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். 0 போட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தபோது, அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் லத்தீன் குடும்பங்களுக்கும் இதே பாடு என்று தெரிந்தது. சாவுச் செய்தி கேட்டதும் அலறி, நடுங்கி, மார்பிலிருந்து தலைக்குச் சூடேறி, சிலர் மயங்கியே விழுவதை அவர்கள் 'அதாக்கே தே நெர்வியோஸ்', அதாவது 'நரம்புகளின் தாக்குதல்' என்கிறார்கள். அந்தப் பெயர் தெரியாத மருத்துவர் அதை வேறு நோயாக எழுதிவிடலாம். நம் ஊர் எழவு வீட்டில் மாரடித்து அழும் பெண்களை அவர் பார்த்தால் என்ன எழுதுவாரோ! ஸ்பானிஷ் தெரிந்தால் மட்டும் போதாது என்றுதான் அங்குள்ள மனநல நிபுணர்கள் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பழமொழிகளிலேயே பேசி சிகிச்சை தரும் முறைகளை உருவாக்கினார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டிலும், நோயாளியின் பண்பாட்டைக் கேட்டறிய 16 கேள்விகள் இருக்கின்றன. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடமும் சிநேகிதர்களிடமும் எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று.

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், "ஊர்ல பெரியம்மாகிட்ட இதை எப்படிம்மா சொல்லுவ?" என்றேன். கை நின்றது.

"உங்கப்பா பேரைச் சொல்லிக் கட்டிப்பிடிச்சு அழ இங்க ஒரு ஆள் இல்லன்னு சொல்லுவேன்."

ரொம்ப நேரம் அழுதாள், நானும்தான். சரி என்று அப்போதே கிளினிக்குக்குப் போன் செய்து, அந்த 0 தப்பு, நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த வேறு ஒருவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், பெற்ற பிள்ளையை அந்த நாற்காலியில் உட்காரவைக்கவே கூடாது. இந்தமுறை நான் வெளியே இருப்பேன்.