படக் கேள்விக்கு ஒரு போன் கால் போதும்

ரிசல்ட் வந்துவிட்டது, தேறிவிட்டேன். இதழியல் நுழைவுத் தேர்வின் மற்ற பகுதிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாம் தாளில் ஒரு திரைப்படத்தை வைத்து வரும் படக் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என்னைக் கரையேற்றியது அதுதான். மொழித்தாளில் என் மதிப்பெண்ணைச் சொன்னால் இதற்கு மேல் படிக்க மாட்டீர்கள்.

இந்த முறை படப் பட்டியலிலிருந்து வந்தது ‘ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்’. 1976, இயக்கம் ஆலன் ஜே. பகுலா. அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழலை வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் வுட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் தோண்டியெடுத்த உண்மைக் கதை, அவர்கள் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் பதற்றம் எப்படி உருவாக்கப்படுகிறது என்பது கேள்வி.

கொஞ்சம் கசப்பையும் கொட்டிவிடுகிறேன். நான் போன பயிற்சி வகுப்பில் இந்தப் படத்துக்குக் கொடுத்த நோட்ஸில் படமே இல்லை. முழுக்க வாட்டர்கேட் வரலாறு. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டதில் ஆரம்பித்து, 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகியது வரை தேதி தேதியாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஹாலில் பக்கத்தில் இருந்தவர் அதைத்தான் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தார். முடிவு எல்லோருக்கும் தெரியும் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்த முடிவை நாலு பக்கம் எழுதி யாருக்கு என்ன லாபம்? படத்தில் நிக்சன் விலகும் காட்சியே கிடையாது. கதை 1973 ஜனவரியில் நின்றுவிடுகிறது. மிச்சமெல்லாம் டெலிபிரிண்டர் அடித்துத் தள்ளும் தலைப்பு வரிகள்தான்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பதிலில் பாதிக்கு மேல் அதையே எழுதினேன். வுட்வர்ட் போன் பேசும் காட்சி.

பிடிபட்டவர்களில் ஒருவரான பெர்னார்ட் பார்க்கரின் வங்கிக் கணக்கில் 25,000 டாலர் காசோலை ஒன்று விழுந்திருக்கிறது. அதில் இருக்கும் பெயர் கென்னத் டால்பெர்க். வுட்வர்டாக நடிக்கும் ராபர்ட் ரெட்ஃபோர்ட் தன் மேசையில் உட்கார்ந்து அந்த ஆளைக் கூப்பிடுகிறார். சுமார் ஆறு நிமிடம், வெட்டே இல்லை. ஆரம்பத்தில் பின்னால் சக ஊழியர்கள் டிவியைச் சுற்றி நின்று வேறு ஏதோ அரசியல் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் தெளிவாகத் தெரிகிறார்கள், இவரும் தெளிவாகத் தெரிகிறார். ஸ்ப்ளிட் டயாப்டர் லென்ஸ் வேலை அது. அறையே ஒரு செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க, நிஜச் செய்தி இந்த ஓர மேசையில் மாட்டுகிறது. கேமரா நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் வேகத்தில் நெருங்கி, கடைசியில் முகம் மட்டும் மிஞ்சும்.

நடுவே அவர் நிக்சனின் தேர்தல் குழுத் தலைவர் மெக்ரிகரிடமும் பேசுகிறார். டால்பெர்க் ரொம்பத் தயங்குகிறார், பக்கத்து வீட்டுப் பெண்மணியைக் கடத்திவிட்டார்கள், மனசே சரியில்லை என்று எங்கெங்கோ போகிறார். அப்புறம் காசோலையை மாரிஸ் ஸ்டான்ஸிடம் கொடுத்ததாகச் சொல்லிவிடுகிறார். ஸ்டான்ஸ் நிக்சனின் தேர்தல் நிதிக்குப் பொறுப்பாளர். அவ்வளவுதான், திருடனின் கணக்குக்கும் ஜனாதிபதியின் தேர்தல் நிதிக்கும் கோடு போட்டாகிவிட்டது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. எதிர்முனை ஆள் போனை வைத்துவிடுவாரோ என்ற பயம் மட்டும்தான் நம்மை உட்கார வைக்கிறது. கேள்விக்குப் பதில் இதுதான். கடைசியில் ரெட்ஃபோர்ட் ஒரு பெயரை மாற்றிச் சொல்லித் திருத்திக்கொள்வார். வாய் தவறி வந்ததை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அதையும் எழுதினேன்.

ஒரு காட்சியை இப்படி எழுதினால், நீங்கள் படம் பார்த்தவர் என்பது திருத்துபவருக்கு ரெண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். கூட எழுதிக்கொள்ள வேண்டியவை:

- சத்தம். முதல் ஷாட் வெறும் வெள்ளைத் தாள், அதில் டைப்ரைட்டர் எழுத்து வந்து அறையும். அந்தச் சத்தத்தில் துப்பாக்கி வெடிப்பையும் சாட்டையடியையும் கலந்திருக்கிறார்கள். கடைசியில் டிவியில் நிக்சன் பதவியேற்பு, பீரங்கி மரியாதை, பின்னால் அந்த இரண்டு நிருபர்களும் தட்டச்சு செய்கிறார்கள். இரண்டையும் இணைத்து ஒரு பத்தி.
- வெளிச்சம். ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். செய்தி அறை முழுக்க டியூப்லைட் வெள்ளை, ஒளிய ஒரு மூலை கிடையாது. வுட்வர்டுக்குத் தகவல் கொடுக்கும் ரகசிய ஆளைச் சந்திக்கும் கார் நிறுத்துமிடம் கும்மிருட்டு.
- நூலகக் காட்சி. இருவரும் சீட்டுகளைப் புரட்டப் புரட்ட, கேமரா கூரை வரை மேலே போய்விடும். மூன்று வரி போதும்.

தவிர்க்க வேண்டியவை:

- ஆஸ்கர் பட்டியல். நாலு வாங்கியது. யாரும் கேட்கவில்லை.
- செட் கதை. பர்பேங்க் ஸ்டுடியோவில் செய்தி அறை செட் போட்டு, நிஜ அலுவலகத்துக் குப்பைக் காகிதத்தையே கொண்டுவந்து கொட்டியது சுவாரசியம்தான். டீக்கடையில் பேசுங்கள்.
- ரகசிய ஆள் எஃப்.பி.ஐ. அதிகாரி மார்க் ஃபெல்ட் என்று 2005-இல் தெரியவந்தது. படம் எடுத்தபோது பார்வையாளருக்குத் தெரியாது, அதனால் பதற்றத்தைப் பற்றிய பதிலில் இதற்கு இடமில்லை.
- ‘ஃபாலோ தி மணி’ வசனத்தைப் புத்தகத்திலிருந்து என்று எழுதாதீர்கள். புத்தகத்தில் அது இல்லை, படத்தில்தான் வருகிறது. திரைக்கதை வில்லியம் கோல்ட்மன்.
- போபர்ஸ். ஒப்பிடச் சொல்லாதவரை வேண்டாம். எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

குறை சொல்ல ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையின் உரிமையாளர் கேத்தரின் கிரஹாம் படத்தில் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டுவதில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி சிரிகா, செனட் விசாரணைக் குழு எல்லாம் கதைக்கு வெளியே. இரண்டு நிருபர்கள் மட்டுமே ஆட்சியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. இதை வசவாக எழுத வேண்டாம், எதை விட்டதால் எது கூடியது என்று எழுதுங்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால் என் வழிதான் தெரியும். குழுவாக உட்கார்ந்து படம் பார்ப்பது எனக்கு ஒத்துவராது, நடுவில் யாராவது ஒருவர் நிறுத்தி விளக்க ஆரம்பித்துவிடுவார். ராத்திரி வீடு அடங்கியதும் ஹெட்போனில் பாருங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். பெயர்கள் குழப்பும், ஸ்டான்ஸ், ஸ்லோன், செக்ரெட்டி, ஹால்டமன் என்று வந்துகொண்டே இருக்கும். குழம்பட்டும், அந்த நிருபர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. பிடித்த காட்சியை மட்டும் திரும்பப் போட்டு, பேப்பரைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். என் அக்கா எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டுப் படிக்கிற ரகம், அவள் இதைக் கேட்டால் சிரிப்பாள். அட்டவணை ஆட்களுக்கு இந்தக் கட்டுரை வேலைக்கு ஆகாது, சரி.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஹால்டமன் பகுதியைக் கட்டாயம் இன்னொரு தடவை பாருங்கள். நிக்சனின் தலைமை உதவியாளர் ஹால்டமனுக்குத் தேர்தல் குழுவின் ரகசிய நிதியில் கை இருந்தது, அதைக் குழுவின் பொருளாளராக இருந்த ஹியூ ஸ்லோன் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் நடுவர் குழு) சொன்னார் என்பது செய்தி. நீதித்துறை வழக்கறிஞர் ஒருவரிடம் பெர்ன்ஸ்டீன் போனில் சொல்வார்: பத்து வரை எண்ணுகிறேன், செய்தி தப்பு என்றால் அதற்குள் போனை வைத்துவிடுங்கள். எதிர்முனை வைக்காது. செய்தி அச்சேறும். மறுநாள் ஹியூ ஸ்லோன் தரப்பு, கிராண்ட் ஜூரியிடம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்கும். ஹால்டமனுக்கு அந்த நிதியில் கை இருந்தது உண்மை. ஆனால் அதை எங்கே யார் சொன்னார் என்று எழுதியது பிழை. ஜூரி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, அதனால் ஸ்லோன் சொல்லவும் இல்லை. ஆசிரியர் பிராட்லி (ஜேசன் ரோபார்ட்ஸ்) தன் நிருபர் பையன்கள் பக்கமே நின்றுவிடுவார்.

பிராட்லி இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தச் செய்தியைப் போட்டிருப்பீர்களா என்று நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். ஹால்டமன் பெயரைப் போட்டிருப்பேன், கிராண்ட் ஜூரி என்ற வார்த்தையை நீக்கியிருப்பேன் என்றேன். குழுவில் ஒருவர், அதை நீக்கினால் முதல் பக்கத்தில் செய்தி எப்படி நிற்கும் என்று விடாமல் பிடித்துக்கொண்டார். உள்பக்கத்தில் போட்டிருப்பேன், முதல் பக்கத்துக்கு இன்னொரு ஆள் பெயர் சொல்லிப் பேசும்வரை காத்திருப்பேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அவருக்குத் திருப்தியாகத் தெரியவில்லை, ஆனால் மதிப்பெண் போட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு ‘போட்டிருப்பேன்’, ‘போட்டிருக்க மாட்டேன்’ என்று ஒற்றை வரியில் முடித்தவர்களை அடுத்த கேள்விக்கே விடாமல் குடைந்தார்கள் என்று வெளியே வந்தபிறகு கேள்விப்பட்டேன்.