வயிறு ஒட்டிய பஃபர்கள்

கொளத்தூரில் ஒரு அலங்கார மீன் மொத்த வியாபாரியிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பெயர்தான் சூப்பர்வைசர், தண்ணீர் மாற்றுவது, பேக்கிங் பிரிப்பது, செத்ததை எண்ணி நோட்டில் எழுதுவது எல்லாம் நான்தான். வருவதில் முக்கால்வாசி பண்ணை மீன்: கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ். ஆற்றில் பிடித்த மீன் மாதத்துக்கு ஒன்றிரண்டு லாட் வந்தால் அதிகம். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஒன்றிரண்டுதான், அதிலும் கேரளாவிலிருந்து வரும் பீ பஃபர்.

கடலில் பேத்தை என்று சொல்வோமே, அதற்கு நன்னீர்ச் சொந்தம் இது. நன்றாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றி நம்மையே பார்க்கும், அதில்தான் வாடிக்கையாளர் விழுவார். தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் பாதி மீனுக்கு மேலிருந்து பார்க்கும்போது தலை பெரிதாக, அதற்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கி, ஆணி மாதிரி இருக்கும். "பட்டினி போட்டு அனுப்பியிருக்காங்கப்பா, ரெண்டு நாள் புழு போடு, சரியாயிடும்" என்பார் முதலாளி. அது பாதி உண்மை. பையில் கழிவு சேரக் கூடாது என்று பேக்கிங்குக்கு முன்னால் பட்டினி போடத்தான் செய்வார்கள். அதனால் வந்த அன்றே எதையும் முடிவு செய்ய முடியாது. ப்ளட் வார்ம், அதாவது தீனியாக விற்கும் சிவப்புப் புழு, போட்டு நான்கைந்து நாள் பார்க்க வேண்டும். சாப்பிட்டு வயிறு உருண்டால் அது வெறும் பட்டினி. வெளுத்துக்கட்டிவிட்டு அடுத்த நாள் காலையில் மறுபடி ஒட்டிப்போய் நின்றால், நாம் போடும் தீனியை உள்ளே வேறு யாரோ சாப்பிடுகிறார்கள்.

குடலில் ஒட்டுண்ணிப் புழு இல்லாத ஆற்று மீனே இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அங்கே அது மீனைக் கொல்வதில்லை, கொன்றால் அதற்கும் வீடு போய்விடும். பிடித்து, பட்டினி போட்டு, இருநூறை ஒரே தொட்டியில் கொட்டிய பிறகுதான் கணக்கு மாறுகிறது.

முதல் வருடம் ஒரு லாட்டில் சில மீனுக்கு ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மீன் அசையாமல் நின்றால் இரண்டு மூன்று இழை வெளியே வரும், நீந்தினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். கமலானஸ் என்ற உருண்டைப் புழு. குடலைக் கவ்வி ரத்தம் குடிப்பதால்தான் அந்தச் சிவப்பு. இதற்கு லெவாமிசோல் என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம். 500 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிராம். கால்நடை மருந்துக் கடையில் ஆடு, கோழிக்கு விற்கும் பவுடரை வாங்கி, நகைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசில் ஒரு கிராம் நிறுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு புழுகூட விழவில்லை. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனபோது அவர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, "படிச்சுப் பாருங்க தம்பி" என்றார். 30 சதவீதம். மீதி எல்லாம் மாவு. நான் போட்டதில் மருந்து 300 மில்லிகிராம்தான், போட்டிருக்க வேண்டியது மூன்றே கால் கிராமுக்கு மேல். சண்டை போட்ட வாயாலேயே இன்னொரு பாக்கெட் கேட்டு வாங்கி வந்தேன்.

இரண்டாம் தடவை அளவு சரியாக இருந்தது, தப்பு வேறு இடத்தில். லெவாமிசோல் புழுவைக் கொல்லாது, செயலிழக்க வைக்கும். பிடி நழுவிய புழுவை மீன் கழிவோடு தள்ளிவிடும். இந்த மருந்துக்கு வெளிச்சமும் ஆகாது என்பதால் தொட்டியைக் கறுப்பு ஷீட்டால் மூடி வைத்திருந்தேன். மறுநாள் திறந்து, டார்ச் அடித்து, அடியில் கிடந்த புழுக்களைப் பார்த்ததும் சந்தோஷத்தில் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன், டீ குடிக்கப் போனேன், அப்புறம் ஒரு வண்டி லோடு வந்தது, சைஃபன் குழாய் போட்டு அடியை உறிஞ்சி எடுக்க மறந்தே போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பஃபர்கள் அடியில் கிடந்ததைக் கொத்திக்கொண்டிருந்தன. சிவப்பாக நூல் மாதிரி இருந்தால் அவற்றுக்கு அது ப்ளட் வார்ம்தானே.

அதற்குப் பிறகு 24 மணி நேரம் ஆனதும் வேறு எந்த வேலை இருந்தாலும் முதலில் அடியை உறிஞ்சி, பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, மூன்றாவது வாரம் மறுபடி ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டேன். முதல் சுற்றில் தப்பிய குஞ்சுப் புழு வளர்ந்து நிற்கும் நேரம் அது. இந்த இரண்டாவது சுற்றில்தான் எனக்கும் முதலாளிக்கும் ஓயாத தகராறு. மீன் குண்டாகிவிட்டது, ஆர்டர் இருக்கிறது, எதற்கு இன்னும் மூன்று வாரம் கரண்டும் தீனியும் என்பார். ஒரு தடவை நானும் விட்டுக்கொடுத்தேன். அந்த லாட் போன கடையில் அது இருந்த தொட்டியில் பக்கத்து கப்பிகளுக்கும் சிவப்பு நூல் தொங்க ஆரம்பித்தது. கமலானஸ் முட்டையிடாமல் குட்டி போடும் ஜாதி, ஒரு மீனில் வந்தால் தொட்டி முழுக்கப் பரவ அதிக நாள் ஆகாது. போனில் அந்தக் கடைக்கார அண்ணன் பேசியதை இங்கே எழுத முடியாது.

புழு போன பிறகும் தேறாத சில மீன் எப்போதும் உண்டு. கழிவு வெள்ளையாக, நூலாக நீண்டு தொங்கும். வெள்ளையைப் பார்த்த உடனே மருந்தை ஊற்றுவார்கள், ஆனால் காலிக் குடலிலிருந்தும் வெறும் சளி அப்படித்தான் வரும். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி மைக்ராஸ்கோப் கொண்டுவந்து, அப்போதுதான் போட்ட கழிவில் ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். காயும் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி பொடிப்பொடியாக ஏதோ தெறித்து ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பைரோநியூக்ளியஸ் வகை ஒற்றைச் செல் ஒட்டுண்ணியாக இருக்கும் என்றான். இதற்கு லெவாமிசோலைக் குடம் குடமாக ஊற்றினாலும் பயன் இல்லை, மெட்ரோனிடசோல் வேண்டும், அதுவும் தீனியில் கலந்து வயிற்றுக்குள் போனால்தான் நன்றாக வேலை செய்யும். நாம் சாப்பிடுவதற்காகப் பண்ணையில் வளர்க்கும் மீனுக்கு இது தடை, அலங்கார மீன் என்பதால்தான் பேச்சே. பஃபர் உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் ஃப்ரோசன் ப்ளட் வார்மை உருக வைத்து, தண்ணீரை வடித்து, நூறு கிராமுக்கு ஒரு கிராம் மருந்து கலந்து ஊறவைத்துக் கொடுத்தேன். சாப்பிடுவதையே நிறுத்திய மீனைத் தனியாக மருந்துத் தண்ணீரில் விடுவேன், அதில் பாதி பிழைத்தாலே பெரிது.

நாடாப்புழுவுக்கு இருக்கும் பிராசிக்வான்டலை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உருண்டைப் புழுவை அது ஒன்றும் செய்யாது, சொன்னால் கேட்க ஆள் இல்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வாரம் கடைசி லாட்டுக்கு இரண்டாவது சுற்று கொடுத்தேன். மறுநாள் ஷீட்டை எடுத்து, சைஃபன் தண்ணீரை வெள்ளைப் பக்கெட்டில் பிடித்துப் பார்த்தோம். தின்ற நத்தைகளின் ஓடுகளும் கழிவும்தான் இருந்தன. "பாத்தியா, ஒண்ணுமே வரல, மருந்து வேஸ்ட்டு" என்றார் முதலாளி. நான் நோட்டில் தேதி போட்டு, புழு இல்லை என்று எழுதிவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்தேன்.