லீமாவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

பெரு நாட்டின் தலைநகர் லீமாவுக்கு யாராவது போனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நல்ல கடையில் சாப்பிட ஆசையிருந்தால் இரவில் போகாதீர்கள், மத்தியானம் போங்கள். செவிச்சே என்ற பச்சை மீன் சாப்பாட்டை அங்கே பகலில்தான் சாப்பிடுவார்கள். செவிச்சே கடைகள் பல பின்னேரமே கதவைச் சாத்திவிடும். காலையில் கரைக்கு வந்த மீன் மத்தியானத்தோடு முடிந்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. குளிர்பெட்டி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திருகோணமலையில் மீன் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் அம்மா இன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டார்.

நான் மீன்பிடி சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். சிறு மீனவர்களைப் பற்றிய ஒரு கூட்டத்துக்காக லீமா போகக் கிடைத்தது. என்னோடு வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, சாப்பாட்டைப் பற்றியும் அப்படித்தான். கூட்டம் முடிந்த அடுத்த நாள், அதை ஒழுங்கு செய்தவர்களில் ஒருத்தி, லீமாவிலேயே பிறந்து வளர்ந்தவள், எங்களை மீராஃப்லோரெஸ் பகுதியில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் விளம்பரமாகிவிடும். முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இடம் கிடைக்காத கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீராஃப்லோரெஸ் செங்குத்தான மண்மேட்டின் மேல் இருக்கிறது, கீழே பசிபிக். கோணேசர் கோவில் மலையில் நின்று கடலைப் பார்த்துப் பழகியவளுக்கு உயரம் புதிதில்லை. ஆனால் வானம் முழுக்கச் சாம்பல் நிறம். மழை பெய்யும்போல இருக்கிறது, பெய்வதில்லை. கடல் குளிரென்றால் அப்படிக் குளிர். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம்தான் காரணம். அந்தக் குளிர்ந்த நீர் அடியிலிருந்து சத்தை மேலே கொண்டுவருவதால்தான் அவர்களுக்கு அவ்வளவு மீன்.

உள்ளே போனதும் நானா கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, இதுக்குள்ள பன்றி, சாராயம் ஒண்டும் போடமாட்டாங்களா எண்டு கேளுங்க." கேட்டோம். வெயிட்டர் பொடியன் முகம் சுளிக்காமல் சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து, எந்தெந்தச் சாப்பாட்டில் வைன் சேர்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நம் ஊரில் சில பெரிய ஹோட்டல்களில் இதைக் கேட்டால் கிடைக்கும் பார்வை எனக்குத் தெரியும். மற்ற மேசைகளில் எல்லாம் பிஸ்கோ சவர் என்ற மதுபானம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்குச் சிச்சா மொராடா வந்தது. கறுப்பூதா நிறச் சோளனை அன்னாசித் தோல், கறுவா, கராம்பு போட்டு அவித்து, சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் குளிராகத் தருவது. நானா ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

சமையல்காரர்கள் வேலை செய்வதைப் பார்க்கக்கூடிய மேசை எங்களுடையது. செவிச்சே செய்பவர் தேசிக்காயைப் பாதியாக வெட்டி, லேசாக ஒரு தரம் பிழிந்துவிட்டு, இன்னும் பாதிப் புளி உள்ளே இருக்கத் தூக்கிப் போட்டார். அடுத்ததையும் அப்படியே. நானாவுக்குப் பொறுக்கவில்லை. "தேசிக்காய் என்ன விலை விக்குது, இப்படி எறியிறானே!" கூட வந்தவளிடம் காரணம் கேட்டேன். கடைசிவரை நசுக்கினால் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். நம் ஊர்ச் சிறிய தேசிக்காயின் இனம்தான் அதுவும், பெருவின் வடக்கே பியூரா பக்கம் நிறைய விளைகிறது.

மீன் துண்டுகள் பெருவிரல் நுனி அளவு. உப்பு, தேசிக்காய்ப் புளி, பொடியாக வெட்டிய கொச்சிக்காய், தண்ணீரில் அலசிய சிவப்பு வெங்காயம். அவ்வளவுதான். பிரட்டிய சில நிமிடங்களில் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு துண்டை முள்ளுக்கரண்டியால் வெட்டிப் பார்த்தேன். விளிம்பு அவித்த மீனைப் போல வெள்ளை, நடு இன்னும் கண்ணாடிபோல இருந்தது. நெருப்பு செய்யும் வேலையில் ஒரு பகுதியைப் புளி செய்துவிடுகிறது, சதையின் புரதம் இறுகி நிறம் மாறுகிறது. ஆனால் கிருமியையும் புழுவையும் கொல்லும் விஷயத்தில் புளியை நெருப்புக்குச் சமமாக நம்ப முடியாது. ஆகவே மீனின் புதுசுதான் எல்லாம். மேசைக்கு வந்தது கொர்வினா என்ற வெள்ளைச் சதை மீன். வாயில் வைத்தபோது கடல் மணம் இருந்தது, மீன் வெடுக்கு இல்லவே இல்லை. நானா கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை விழுங்கினார், பிறகு கண்ணைத் திறந்துகொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். தட்டின் அடியில் தேங்கியிருந்த புளித்தண்ணீருக்கு அங்கே தனி மரியாதை, சின்னக் கிளாஸில் ஊற்றித் தனியாகவும் விற்கிறார்கள். நல்ல உறைப்பு. எனக்கு மீனை விட அதுதான் பிடித்தது.

அடுத்து வந்த திரதீத்தோ மெல்லிய மீன் சீவல், வெங்காயம் இல்லை. மஞ்சள் கொச்சிக்காய்க் குழம்பைப் பரிமாறும்போதுதான் ஊற்றினார்கள். அதில் ஜப்பானியக் கை இருப்பது பார்த்தாலே தெரியும். 1899இல் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஜப்பானியர் பெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே சீனர்கள். அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில் அவர்கள் வீட்டுச் சமையல் நாட்டுச் சமையலாகிவிட்டது. 2025இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த மாய்தோ, ஜப்பானிய வழிவந்த மிட்சுஹாரு சுமுராவின் லீமா கடைதான். 2023இல் முதலிடம் பிடித்த சென்ட்ரலும் லீமாதான். தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ரொட்டியும் சம்பலும் எந்த ஹோட்டல் மெனுவில் மரியாதையாக இருக்கிறது என்று யோசித்தேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். அந்தச் செவிச்சே தட்டின் ஓரத்தில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒரு வில்லை அவித்த வற்றாளங்கிழங்கு. பல்லுப் பல்லாகப் பெரிய அவித்த சோளன். உப்புப் போட்டு வறுத்த சோளன் கொஞ்சம். இவ்வளவுதான் பக்கவாத்தியம். ஹபரணை வீதியோரம் பஸ்ஸை நிறுத்தி வாங்கும் சோளனும், வீட்டில் பின்னேரத் தேநீரோடு அவித்துத் தரும் வற்றாளங்கிழங்கும், ஊரில் பெரிய விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கும் சாப்பாடுகள். அங்கே அவை மேசையின் நடுவில். கிழங்கின் இனிப்பு புளியையும் உறைப்பையும் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிறது. அலங்காரத்துக்கு வைக்கவில்லை, வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

அவர்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. காஸ்தோன் அகூரியோ என்பவர் பாரிஸில் சமையல் படித்துவிட்டு வந்து, 1994இல் மனைவி அஸ்த்ரிதோடு லீமாவில் கடை திறந்தபோது போட்டது பிரெஞ்சுச் சாப்பாடு. பணக்காரர் வெளியே சாப்பிடப் போனால் பிரெஞ்சு என்றிருந்த காலம். பிறகுதான் தன் ஊர்க் கொச்சிக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் திரும்பினார், ஊரே பின்னால் போனது. 2023இல் யுனெஸ்கோ செவிச்சேயைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

மிச்சச் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கௌசா என்று, மஞ்சள் உருளைக்கிழங்கை மசித்துத் தேசிக்காய்ப் புளியும் கொச்சிக்காயும் சேர்த்து நடுவில் நண்டு வைத்துக் குளிராகத் தருவது, மிக நன்று. ஆண்டிஸ் மலையில் 4,000க்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு வகைகள் இருக்கும்போது ஒன்றாவது இப்படி அமையத்தானே வேண்டும். சாக்குக்கணவாய் உப்புக் கூடிப்போயிருந்தது. கடல் உணவுச் சோறு ஆறிப்போய் வந்தது, அளவும் ஒரு குழந்தைக்குத்தான் காணும். "அறக்குளாப் பொரியலோட ஒரு தட்டுச் சோறு கிடைச்சா நல்லம்" என்று நானா சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் லுகுமா என்ற பழத்தில் செய்த ஐஸ்கிரீம். முதல் கரண்டியிலேயே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். லாவுலு! அதே முட்டை மஞ்சள்கருவின் நிறம், அதே மாவுத்தன்மை. பிறகு தேடிப் பார்த்தேன், இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். லாவுலுவைத் தொண்டையில் அடைக்கும் பழம் என்று நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பாலும் சீனியும் சேர்ந்தால் அந்த அடைப்பே வழுவழுப்பாகிவிடுகிறது. அங்கே ஐஸ்கிரீம் கடைகளில் வனிலாவுக்குப் பக்கத்தில் லுகுமா சாதாரணமாக இருக்கிறது.

பில் ஆளுக்கு 280 சோல் அளவில் வந்தது. நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். எங்களை அழைத்தவள் எங்களைக் கொடுக்க விடவில்லை. விட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன், ஆனால் நானாவின் முகத்தைப் பார்த்தபோது விடாததே நல்லது என்று பட்டது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. உலகத்திலேயே அதிகமாக மீன்மா செய்யும் நாடு பெரு. அவர்கள் பிடிக்கும் அஞ்சோவெத்தா, நம் நெத்தலியின் உறவு, பெரும்பங்கு ஆலைக்குப் போய் மாவாகி, வளர்ப்பு மீனுக்கும் கோழிக்கும் தீனியாகிறது. கூட்டத்தில் அதைப் பற்றி நிறையக் கதைத்தோம். அந்த மெனுவில் ஒரு இடத்திலும் அஞ்சோவெத்தாவைக் காணவில்லை. நெத்தலிப் பொரியல் போட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

ஊருக்கு வந்ததும் உப்புவெளியில் வெளிநாட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கடை நடத்தும் சித்தப்பாவின் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுடைய மெனுவில் பாஸ்தா, பீட்சா, பேன்கேக், ஃபிரைட் ரைஸ், கிரில் செய்த பாரை மீன். "வற்றாளங்கிழங்கு அவிச்சு வை, மீன் சொதி வை, மரவள்ளி வை" என்றேன். "அக்கா, வெள்ளைக்காரன் சொதிக்குக் காசு குடுப்பானா?" என்று சிரித்தான். பாஸ்தா சாப்பிட அவன் இத்தாலிக்கே போகலாமே, திருகோணமலைக்கு ஏன் வருகிறான் என்று கேட்டேன். யோசித்தான். இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் மத்தியானத்துக்கு விளைமீன் சொதி, புட்டு, கட்டைச்சம்பல். வற்றாளங்கிழங்குக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, அதைத் தட்டில் வைத்தால் தன் மனைவி கடைப்பக்கமே வரமாட்டாளாம்.