தேர் வடமும் சீனி டப்பாவும்

ஜூன் 15, 2025, ஞாயிறு

பாளையங்கோட்டையில் இன்று முதல் வகுப்பு. எட்டுப் பிள்ளைகள், 12 முதல் 17 வயது வரை. எல்லாருக்கும் டைப் 1 சர்க்கரை. வார்டில் தனித்தனியாகச் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தான். இன்று ஒன்றாக உட்கார்ந்ததும் வாய் மூடவில்லை.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது, இனிப்பு தின்றதால் வந்த நோய் இல்லை என்றேன். ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அல்வா வாங்கிக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்று ஆறு வருடமாகக் கேட்டு வருகிறாராம். பாடத்தை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஓட்ஸ், பிரவுன் பிரெட் என்று அச்சடித்த அட்டவணையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவரவர் வீட்டு இட்லியைக் கொண்டுவரச் சொல்லி, தராசில் வைத்தோம். ஒரு வீட்டு இட்லி இன்னொரு வீட்டு இட்லியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! 'நாலு இட்லி' என்று நோட்டில் எழுதினால் எந்த வீட்டுக் கணக்கில் இன்சுலின் ஊசி போடுவது?

ஜூன் 22, ஞாயிறு

ஓர் ஆச்சி வந்திருந்தார். "கருப்பட்டிக் காப்பிதானம்மா, அது ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டார். பதநீரைக் காய்ச்சினாலும் அதில் பெரும்பங்கு சீனிதான் ஆச்சி, கணக்கில் சேர்க்கணும் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேத்தியிடம் திரும்பி, "ஏட்டி, நீ ஏன் சொல்லல?" என்றார். ஆச்சிகளை முதல் நாளே அழைத்திருக்க வேண்டும். அடுப்படி அவர்கள் கையில் இருக்கிறது.

16 வயதுப் பெண் ஒருத்தி, கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு சாப்பிட்டும் ஊசி போடவில்லை என்றாள். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கையில் இந்தப் பேச்சு வரும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அம்மா சொன்னாராம். அன்று ராத்திரி சர்க்கரை 400ஐத் தாண்டியிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தே போட்டுக்கொள்வேன் என்றான் ஒரு பையன். அவனுக்கு அது எளிது. அவளுடைய அம்மாவோடு நான் பேச வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

நான்கு பேர்தான். ஊசிக் கணக்கு மட்டும் பார்த்தோம். மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அதே குப்பியிலிருந்து, மில்லிக்கு 100 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான்.

ஜூலை 6, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை நெல்லையப்பர் தேர். 15 வயதுக்காரனுக்கு வடம் பிடிக்க ஆசை, வீட்டில் விடவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. பிள்ளைகளே திட்டம் போட்டார்கள். இழுக்கும் முன் மெஷினில் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது. 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. அல்வா அந்த நேரத்துக்கு ஆகாது, நெய் சீனியை மெதுவாக்கிவிடும். உடல் உழைத்த நாளில் ராத்திரியும் இறங்கலாம், அதனால் தூங்கும் முன்பும் நடுராத்திரியிலும் பார்க்க வேண்டும். சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வர அந்தக் கல்யாண வீட்டுப் பெண் ஒத்துக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

வாகையடி முக்கில் பையனுக்குச் சர்க்கரை 64. கூட்டத்தை விட்டு விலகி, ஒரு கடைப் படியில் உட்கார்ந்து சீனித் தண்ணீர் குடித்தான். 15 நிமிடத்தில் 98. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி வடத்துக்குப் போனான். அந்தப் படியிலேயே, சாப்பாட்டுக்கு முன் அவளும் ஊசி போட்டுக்கொண்டாளாம். பக்கத்தில் அவள் அம்மா நின்றிருக்கிறார்.

ராத்திரி 2 மணிக்குப் பையனின் அப்பா செய்தி அனுப்பினார்: "131. தூங்குதான்."