சேர் கட்டிய தலைப்பா

மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது சேர் உயிரோடு இருந்தார். இப்போது இது அஞ்சலிப் பக்கத்துக்குப் போகிறது. அவர் படிப்பித்த கணிதத்தைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள், எனக்கு அவர் கட்டுகிற தலைப்பாதான்.

பரிசளிப்பு விழாவோ வாணி விழாவோ, கஞ்சி போட்ட அதே வெள்ளைச் சால்வை. வாலை முதுகில் விட்டால் பாரதி, மடிப்பை நெருக்கி அடுக்கினால் அந்தக் கால அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், காவியில் தோய்த்தால் விவேகானந்தர். (பிறகு அது வெள்ளைக்குத் திரும்பவேயில்லை, கொஞ்சக் காலம் பாரதியும் காவிதான்.)

1897 சனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசினாரே, அந்தக் காட்சியில் நான்தான் சுவாமி. மேடையில் மின்னட்டும் என்று அம்மா தன் கல்லு வைத்த புரோச்சை முன்னால் குத்திவிட்டா. திரை விலகின பிறகுதான் சேர் கண்டார். நேரே மேடைக்கு வந்து, "டேய், இவர் அமெரிக்காவாலை வாறாரோ, பொம்பிளை பாக்கப் போறாரோ?" என்று அதைப் பிடுங்க, தலைப்பாவும் கூடவே அவிழ்ந்தது. சபை சிரிக்கச் சிரிக்க அவர் ஆறுதலாகத் திரும்பக் கட்டினார். "தலையை ஆட்டாதை."

கல்லும் குஞ்சமும் மாப்பிள்ளைக்கு, அவன் ஒரு நாள் ராசா என்று அடுத்த நாள் வகுப்பில் சொன்னார். ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்கு அவர்தான் கட்டினார். பால் அறுகு வைத்து முழுக்காட்டி முடிய மாப்பிள்ளையைக் கதிரையில் இருத்தி, ஒரு நுனியை ஆரையேனும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, காதுக்கு மேலே தன் பெருவிரலை உள்ளே விட்டுச் சுற்றுவார். கடைசியில் விரலை எடுக்கும்போது மிஞ்சுகிற அந்த இடைவெளியின் அருமை, ஓமப் புகைக்குள் மணிக்கணக்காக இருந்தவனுக்குத்தான் தெரியும். தோழனுக்கும் ஒன்று, கொஞ்சம் சின்னதாக, கல்லு இல்லாமல்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் மணவறைக்காரரே தலைப்பாவும் தருகிறார். தைத்தது, முத்து, இறகு எல்லாம் ஒட்டினது, அளவு பார்த்துத் தொப்பி மாதிரிப் போட வேண்டியதுதான். மகனுக்கு வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. படத்தை வட்ஸ்அப்பில் சேருக்கு அனுப்பினேன்.

"ஆர் கட்டினது?"

"வாடகைக்கு எடுத்தது சேர்."

"கேட்டிருந்தா வந்து கட்டியிருப்பன்."

பகிடிக்குத்தான் சொன்னாராக்கும் என்று அப்போது நினைத்தேன். வருடா வருடம் இராப்போசன விருந்துக்கு மண்டபம் பிடிக்கிற எங்கள் சங்கத்தில், சேர் இங்கே வர விசாவுக்கு ஒரு ஸ்பொன்சர் கடிதம் எழுத ஒருத்தருக்கும் தோன்றவில்லை.