இனிஷியலால போன எக்ஸாம் ஃபீஸ்

பாண்டில ஒரு கம்பெனில மூணு வருஷமா எல்1 ஹெல்ப்டெஸ்க், யாருக்கு கம்ப்யூட்டர் பிரச்சனைன்னாலும் மொதல்ல எங்களுக்குத்தான் வரும். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து தினம் பஸ், கன்னியக்கோயில் தவளக்குப்பம் அரியாங்குப்பம்னு ஊர்ந்து போய் சீட்ல உக்காந்தா பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர், அவுட்லுக் தொறக்கல, இதேதான். படிச்சது பி.இ.

ஒருநாள் அக்கவுண்ட்ஸ்ல ஒரு அண்ணனோட பிசி 169.254ல ஆரம்பிக்கிற ஐபியோட நிக்குது. பிசிங்களுக்கு ஐபி அட்ரஸ் குடுக்கற டிஹெச்சிபிலேர்ந்து அட்ரஸ் வரல, முந்தின நாள்தான் அவருக்கு சீட் மாத்தினாங்க, அந்த சீட்டோட நெட்வொர்க் போர்ட் வேற வீலான்ல, அதாவது நெட்வொர்க்க பிரிச்சு வச்சதுல வேற ஒரு பகுதில கிடக்குன்னு எனக்கு புரியுது, ஆனா அத மாத்தறதுக்கு, கேபிள் எல்லாம் வந்து சேர்ற நெட்வொர்க் சுவிட்ச்ல எனக்கு லாகின் கிடையாது. எங்களுக்கு அடுத்த மட்டமான எல்2 டீமுக்கு தள்ளிட்டு நாலு மணி நேரம் காத்திருந்தோம். "என்ன தம்பி, இஞ்சினியரிங் படிச்சிட்டு இது கூட தெரியாதா"ன்னு அவரு கேட்டது மனசுல தச்சிடுச்சு. அன்னிக்கு ராத்திரி சிசிஎன்ஏ, அதாவது சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேட் எக்ஸாமுக்கு படிக்க உக்காந்தேன்.

படிப்புக்கு ஆறு மாசம். கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் கட்டிப் பழகற பாக்கெட் டிரேசர் சாஃப்ட்வேர் ஃப்ரீதான், ஐபி அட்ரஸ்கள பிரிக்கற சப்நெட்டிங் கணக்கு மட்டும் பஸ்லயே போட்டுப் போட்டு பழகினேன்.

இப்ப முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு கவனிங்க. எக்ஸாம் ஃபீஸ் 300 டாலர், வரி தனி. சீட்டு எடுத்த காசுல கட்டிட்டு, விடியக்காலம் பஸ் புடிச்சு ஈசிஆர் வழியா சென்னை போனேன். சென்டர்ல இருந்தவங்க பாஸ்போர்ட்ட பாத்துட்டு "பேரு மேட்ச் ஆகலைங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மார்க்ஷீட்ல இருக்கற மாதிரி இனிஷியல் மட்டும் போட்டு பதிவு பண்ணியிருந்தேன், பாஸ்போர்ட்ல சர்நேம்னு அப்பா பேரு முழுசா இருக்கு. கெஞ்சிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. ஃபீஸும் போச்சு. திரும்பி வர்ற பஸ்ல மரக்காணம் வரைக்கும் வீட்டுக்கு போன் பண்ணவே தைரியம் வரல.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் இந்த இனிஷியல் பிரச்சனை இருக்கு. கையில எடுத்துட்டுப் போற ஐடில என்ன பேரு இருக்கோ, எழுத்து மாறாம அப்படியே பதிவு பண்ணுங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடியே. நான் சப்போர்ட்டுக்கு எழுதி பேர மாத்தி மறுபடி காசு சேத்து எழுதறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிடுச்சு. ரெண்டாவது தடவ பாஸ்.

சர்டிஃபிகேட்ட காட்டினதும் நெட்வொர்க் டீமுக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சிருந்தேன். "உன் ரோலுக்கு இது தேவையே இல்லையேப்பா"ன்னாரு மேனேஜர். நல்லவேளை ஒரு பழக்கம் கை குடுத்துச்சு, எல்2க்கு தள்ற ஒவ்வொரு டிக்கெட்லயும் (பதிவான புகார்) பிரச்சனைக்கு காரணம் இதுவா இருக்கும்னு ஒரு வரி எழுதி வச்சிடுவேன். ஒரு வருஷ டிக்கெட்ட எடுத்து, நான் எழுதின காரணமும் அவங்க மூடும்போது எழுதின காரணமும் ஒண்ணா இருந்தத எண்ணினா 63. அந்த எக்செல்ல எல்2 லீட் அண்ணன்கிட்ட நேரா கொண்டு போய் காட்டினேன். ஒவ்வொண்ணா பாத்துட்டு, மேனேஜர்கிட்ட அவரே பேசினாரு. எல்1ல இருக்கறவங்க இன்னிக்கே இத ஆரம்பிங்க, எனக்கு தகுதி இருக்குன்னு வாயால சொன்னப்ப யாரும் கேக்கல.

அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி நெட்வொர்க் டீம்ல சேர்றேன், சுவிட்ச் லாகினோட. பிஎஃப்ல பேரு இன்னும் இனிஷியலோடதான் இருக்கு, அதையும் மாத்த நேத்து ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டாச்சு.