பெல்ஜியத்தின் ஐந்து வீதப் பியர்கள்

பெல்ஜியம் போய் வந்ததைச் சொன்னால் கல்லடியில் என் கூட்டாளிமார் முதலில் கேட்பது "எத்தனை வீதம்டா?" என்றுதான். அற்ககோல் 8.5 வீதம் உள்ள டூவல், 9.5 வீதம் உள்ள வெஸ்ட்மால் ட்ரிப்பல், இவற்றின் கதைதான் அவர்களுக்கு வேண்டும். இரண்டையும் குடித்தேன், அருமையானவை. ஆனால் என் மனசில் நிற்பது அந்த ஊர்ச் சனம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் குடிக்கிற, விலை குறைந்த, 5 வீதத்தை ஒட்டிய பியர்கள்.

அக்கா குடும்பம் இருப்பது அன்ட்வேர்ப்பில். அத்தான் வாங்கி வைப்பது ஜூபிலர், 250 மில்லிப் போத்தல் 24 கொண்ட பெட்டி. வெறும் போத்தல்களைப் பெட்டியோடு சூப்பர்மார்க்கெட் மெஷினுக்குள் தள்ளிவிட்டால் துண்டு ஒன்று வரும், அந்தக் காசை அடுத்த பில்லில் கழிப்பார்கள். லியேஜ் நகரத்தை ஒட்டிய ஜூபில் என்ற ஊரில் காய்ச்சுவதால்தான் அந்தப் பெயர், 5.2 வீதம். பெரிய வாசம் எதுவும் இல்லை, கசப்பும் மெல்லியதுதான், ஆனால் நல்ல குளிரோடு சின்னக் கிளாஸில் குடித்தால் சூடாகிறதுக்கு முன்னமே முடிந்துவிடும். எங்கட 625 மில்லிப் போத்தல் வெக்கையில் பாதியிலேயே சூடேறிப்போவதை நினைத்துப் பாருங்கள், சின்ன அளவின் அருமை விளங்கும்.

பாரில் எனக்குப் பிடித்தது அவர்கள் ஊற்றுகிற விதம். எவ்வளவு சாதாரணப் பியர் என்றாலும் அதன் பெயர் போட்ட கிளாஸைக் குளிர் தண்ணீரில் அலசி, நுரை பொங்க ஊற்றி, மேலே நிற்கிற நுரையைக் கத்தியால் வழித்துவிட்டுத்தான் தருவார்கள். வெளிநாடுகளில் பெருமையாக விற்கிற ஸ்டெல்லா ஆர்ட்வா அங்கே வெறும் அன்றாடப் பியர்தான். 1926இல் லூவன் நகரத்தில் நத்தாருக்கென்று காய்ச்சத் தொடங்கியதாம்.

அன்ட்வேர்ப்பின் சொந்தப் பியர் டி கோனிங்க். "பொல்லகே ஒன்று" என்றாலே போதும், உருண்டைக் கிளாஸில் தேன் நிறத்தில் வரும். இதுவும் ஜூபிலர் அளவு வீதம்தான், ஆனால் வறுத்த தானிய வாசமும் கொஞ்சம் கசப்பும் நாக்கில் நிற்கும். அன்றாடப் பியர்களில் என் முதல் இடம் இதற்குத்தான். ஹூகார்டன் 4.9 வீதம், நாங்கள் தடிமனுக்கு அவித்துக் குடிக்கிற அதே மல்லியும் தோடம்பழத் தோலும் போட்டுக் காய்ச்சுவது. 1950களில் அந்த ஊரில் நின்றுபோன இந்த வெள்ளைப் பியரைப் பிறகு உயிர்ப்பித்தவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர்.

கொல்ரொய்ட் கடையின் காரா பில்ஸ் ரின் ஒரு யூரோ கூட இல்லை. மாணவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். தண்ணித்தன்மை, குளிர் போனால் குடிக்க ஏலாது, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிற பூன் கூஸ் வேறு ரகம். பிரஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பியருக்கு ஈஸ்ட் போடுவதில்லை, காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில் திறந்த தொட்டியில் ஆற விடுவார்கள், காற்றில் இருக்கிற ஈஸ்ட் தானாக இறங்கிப் புளிக்க வைக்கும். பிறகு மரப் பீப்பாய்களில் கிடந்த ஒரு வருசத்து, இரண்டு வருசத்து, மூன்று வருசத்து லாம்பிக்குகளைக் கலந்தால் கூஸ். முதல் மிடறிலேயே எனக்கு எங்கட தவறணைக் கள்ளு ஞாபகம் வந்துவிட்டது. முட்டியில் இறங்குகிற பாளைச் சாறு காலையில் இனிப்பாகவும் பின்னேரம் புளிப்பாகவும் மாறுவதும் இதே வேலைதானே! அத்தானுக்கு அந்தப் புளிப்பு பிடிக்காது, அவருடைய பங்கையும் நானே குடித்தேன்.

போகிறவர்கள் யாராவது இருந்தால் முதல் நாள் பின்னேரம் பொல்லகேயில் தொடங்குங்கள். கூஸைச் சாப்பாட்டோடு வையுங்கள், இறால் பொரியல் இருந்தால் இன்னும் நல்லது. டூவலைக் கடைசிக்கு விடுங்கள், அதுக்குப் பிறகு மற்றதின் ருசி தெரியாது.